எட்டு மதமும் இல்லாத கல்யாணம்

1

இது கட்டுரையாக இருந்திருக்க வேண்டியது. "முப்பது வருஷமா கல்கத்தாவுல இருக்கீங்க, வங்காளத்து அறிவாளிகளும் மதச்சார்பின்மையும்னு நாலு பக்கம் எழுதுங்க" என்று சென்னைப் பத்திரிகைக்காரர் ஒருவர் கேட்டார். இரண்டு மாதம் படித்தேன். தலை கனத்ததே தவிர ஒரு வரி நகரவில்லை. அப்போதுதான் 1872ஆம் வருஷத்துக் கல்யாணச் சட்டம் கண்ணில் பட்டது. விக்கிரகமும் வேண்டாம், புரோகிதரும் வேண்டாம் என்ற பிரம்ம சமாஜத்தார் போராடி வாங்கியது. அதன்படி மணமக்கள், நான் கிறிஸ்தவன் இல்லை, யூதன் இல்லை, இந்து இல்லை என்று எட்டு மதங்களை மறுத்துக் கையெழுத்துப் போட வேண்டும். படித்ததும் சிரித்துவிட்டேன். சிரித்தவனுக்குக் கட்டுரை வராது.

2

முதல் தொடக்கம்: "பத்தொன்பதாம் நூற்றாண்டு வங்காளத்தில் பகுத்தறிவின் பேரொளியானது..." (வேண்டாம். கொட்டாவி வருகிறது.)

இரண்டாவது: "சமாஜத்துப் பேச்சாளன் தாரிணிசரண் நந்தி மேடையேறினால் காளிகட்டக் கோயிலே நடுங்கும்..." (பொய். அவன் குத்துகிற குத்தில் மேஜைதான் நடுங்கும்.)

மூன்றாவது:

ஹேமாங்கினி மடியில் ஒரு துணிமூட்டையோடு ரெஜிஸ்ட்ரார் அறையில் உட்கார்ந்திருந்தாள். பன்னிரண்டு வயதில் தாலி என்னவென்று...

(வங்காளத்தில் ஏது தாலி? சங்கு வளையல் என்று எழுத வேண்டும். முப்பது வருஷம் இருந்து என்ன பிரயோஜனம்.)

பன்னிரண்டு வயதில் சங்கு வளையலை உடைத்து அவளை விதவையாக்கியிருந்தார்கள். இப்போது இருபத்து மூன்று. "இந்த வாசலைத் தாண்டினா செத்தாலும் திரும்பி வராதே" என்று காலையில்தான் அண்ணன் சொன்னார். தாண்டிவிட்டாள். இனி இந்தக் கல்யாணம் நடந்தால்தான் அவளுக்கு இன்று இரவு தலைசாய்க்க இடம். பக்கத்தில் மாப்பிள்ளை தாரிணிசரண், வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தான். பின்னால் சமாஜத்திலிருந்து வந்த மூன்று சாட்சிகள்.

3

அவள் தன் உறுதிமொழியைக் காய்கறிக்காரனிடம் பேசுகிற மாதிரி கடகடவென்று வாசித்துக் கையெழுத்துப் போட்டாள். அடுத்து அவன்.

"நான் கிறிஸ்தவ மதத்தைச் சேர்ந்தவன் இல்லை," என்று கணீரென்று ஆரம்பித்தான். யூதன் இல்லை, பார்சி இல்லை, சமணன் இல்லை. ஏழு மதங்களையும் சிரமமில்லாமல் உதறினான். அந்த ஏழு பேரும் அவனிடம் ஒட்டிக்கொண்டிருக்கவே இல்லையே.

(சட்டத்தில் இந்து மூன்றாவது. கதை சூடுபிடிக்கட்டும் என்று கடைசிக்குத் தள்ளியது நான்.)

எட்டாவதில் குரல் நின்றது.

"என்ன ஆச்சு?" என்றாள் ஹேமாங்கினி மெதுவாக. "விக்கிரகத்தை எதிர்த்து மூணு மணி நேரம் பேசினீங்க. இது ஒரு வரி."

"அது சொற்பொழிவு, ஹேம். இதுல கையெழுத்து போடணும்."

"அப்ப அந்த மூணு மணி நேரம் நான் எதுக்கு உட்கார்ந்து கேட்டேன்?"

சாட்சிகள் கூரையைப் பார்த்தார்கள். தாரிணிசரணுக்கு ரோஷம் வந்தது. நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணை மூடி, மூச்சை இழுத்துத் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு முணுமுணுத்தான்:

"துர்கா, துர்கா."

பிறகு உரக்க, "நான் இந்து மதத்தைச் சேர்ந்தவன் இல்லை."

4

இதை நான் இட்டுக்கட்டவில்லை என்று சொல்ல ஆசை. எங்கள் மாடிவீட்டு அனாதிதா (இங்கே 'தா' என்றால் அண்ணன்) நாற்பது வருஷக் கம்யூனிஸ்ட் கட்சிக்காரர், கோயில் இருக்கிற தெருவைக்கூடச் சுற்றிக்கொண்டு போவார். அவரும் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது அதே "துர்கா, துர்கா"வைத்தான் சொல்கிறார். கேட்டால், "அது சாமி இல்லப்பா, செருப்பு மாதிரி. மாட்டிக்கிட்டுதானே வெளிய போகணும்?" என்கிறார்.*

* சிரிக்க வேண்டாம். இந்தக் கதையின் கைப்பிரதியில் பிள்ளையார் சுழி இருக்கிறது. நான் போட்டதாக ஞாபகம் இல்லை.

5

ரெஜிஸ்ட்ரார் கோஷால் பாபு பேனாவைக் கீழே வைத்தார்.

"முதல்ல என்னமோ சொன்னீங்களே. அதையும் எழுதிக்கணுமா?"

"பழக்கம், ஐயா. வாய்ல வந்துடுச்சு."

"பொய் உறுதிமொழி கொடுத்தா ஜெயில், தெரியுமில்ல? உங்களை உள்ள தள்ளுவாங்க. கல்யாணம் பண்ணி வெச்சதுக்கு என் சீட்டையும் கிழிப்பாங்க."

இங்கே இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் தாரிணிசரண் கோஷாலுக்கு வேதாந்தம் விளக்குகிறான். இரண்டு பக்கம் போனதும் கோஷால் தூங்கிவிடுகிறார். இன்னொன்றில் அவன் எழுந்து அம்மாவிடம் ஓடுகிறான். அதை எழுதும்போதே எனக்கு அவன்மேல் ஆத்திரம் வந்தது, கிழித்துப் போட்டேன். ஹேமாங்கினி இரண்டுக்கும் காத்திருக்கவில்லை.

"பாபு, இவர் என்னன்னு என்னைக் கேட்டா நான் சொல்றேன்," என்றாள். "விதவைன்னு ஏகாதசிக்கு ஏகாதசி பொட்டுத் தண்ணி இல்லாம கிடந்தவ நான். வைகாசி வெயில்ல நாக்கு ஒட்டிக்கும். குடத்துப் பக்கம் போகக்கூடாதுன்னு அண்ணி கதவைச் சாத்துவா. ஒருநாள் இவர் எங்க வீட்டுக்கு வந்தப்ப, அத்தனை பேர் எதிர்ல ஒரு டம்ளர் தண்ணி எடுத்து என் கைல கொடுத்தார். அன்னிக்கே இவர் எந்த மதமும் இல்லாம போயிட்டார். அந்த டம்ளரை எடுக்கும்போதுகூட துர்கா துர்கான்னு சொல்லியிருப்பார். சொல்லட்டுமே. எனக்குத் தண்ணி கிடைச்சுது."

தாரிணிசரண் தலையைக் குனிந்துகொண்டான். சொன்னது உண்மைதான் போலிருக்கிறது.

6

கோஷால் நல்ல மனிதர். கொஞ்ச நேரம் மேஜையைத் துடைத்தார். பிறகு சாட்சிகளைப் பார்த்து, "இவர் முணுமுணுத்தது எனக்குச் சரியா காதுல விழலை," என்றார். "உங்கள்ல யாருக்காவது விழுந்துதா?"

இல்லை என்று ஒருவர் சொன்னால் போதும், முடிந்துவிடும். ஆனால் மூவரும் சமாஜத்தில் சேர்ந்த நாளில், உயிரே போனாலும் பொய் சொல்வதில்லை என்று சத்தியம் செய்தவர்கள். விக்கிரகத்தை விட்டவர்களுக்குச் சத்தியத்தை விட முடியவில்லை. ஒருவர் மீசையைத் தடவினார், இன்னொருவர் இருமினார், மூன்றாமவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கவே ஆரம்பித்துவிட்டார்.

என்னைக் கேட்காதீர்கள். எழுதியவன் நான், கேட்கவில்லை என்று எப்படிச் சொல்வேன்?

கோஷால் பாபு பேனாவை எடுத்துக்கொண்டு, அந்த மூவரையும் தாண்டி உங்களைப் பார்க்கிறார். முதலிலிருந்தே இந்த அறையில்தானே இருக்கிறீர்கள். ஹேமாங்கினியும் திரும்பிப் பார்க்கிறாள், மூட்டையை இறுக்கிப் பிடித்தபடி.

"நீங்க சொல்லுங்க," என்கிறார். "ஏதாவது காதுல விழுந்துதா?"