பால் அண்ணன்

என் ரொட்டிக் கடையில் தந்தூர் அடுப்பைப் பார்த்துக்கொள்பவன் சகிதாத். ஆஸ்திரேலியாவின் டாண்டனாங்கில் கடை போட்ட எனக்குக் குடியுரிமை கிடைத்துப் பல வருடம் ஆகிவிட்டது. படகில் வந்த அவனோ இன்னும் அந்தரத்தில் தொங்குகிறான். பாதுகாப்பு விசா கேட்டான். இல்லை என்று சொல்லிவிட்டார்கள். கடிதத்தை என்னிடம் நீட்டினான். படித்ததும் எனக்கே தலை சுற்றியது.

நேர்காணலில் அவன் சொன்னது இதுதான். அண்ணன் குர்பானை கஸ்னி சாலையில் பஸ்ஸிலிருந்து இறக்கித் தலிபான்கள் கொன்றார்கள். பிறகு, தம்பி எங்கே என்று வீடு தேடி வந்தார்கள். ஆனால் அவன் கொடுத்த குடும்ப விவரத்தில் குர்பான் என்று ஓர் அண்ணனே இல்லை. ஆகவே இவன் கதை கட்டுகிறான் என்பது அவர்கள் முடிவு.

"ஏண்டா குர்பான் பேரை விட்ட?"

"எங்கப்பாவோட பிள்ளைங்க யாருன்னுதானே கேட்டாங்க அண்ணே. அவன் பக்கத்து வீட்டுப் பிள்ளை. பிறந்தப்பவே அவனோட அம்மா போய்ட்டாங்க. எங்கம்மாதான் பால் கொடுத்து வளர்த்தாங்க."

எங்கள் ஆப்கான் ஹசாரா ஆட்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். ஒரே தாயிடம் பால் குடித்தவன் அண்ணன்தான். சகிதாத்தின் அக்காவைக் குர்பான் கட்டிக்கொள்ள மார்க்கமே அனுமதிக்காது.

வக்கீல் பிரான்வினிடம் கூட்டிப்போனேன். எங்களைப் போன்றவர்களுக்கு இலவசமாக வாதாடும் நல்ல பெண்மணி. மொழிபெயர்ப்பு நான்தான். 'அண்ணே' என்ற சொல் மட்டும் அவருக்கும் பழகியிருந்தது.

"இவரும் உங்க அண்ணனா?" என்று என்னைக் காட்டினார்.

"இல்ல மேடம், இவர் சும்மா அண்ணன்."

"சும்மாவா? மாசாமாசம் சம்பளம் கொடுக்கறேன்டா!" என்றேன்.

"குர்பான்?"

"நிஜ அண்ணன்."

"ஒரே அப்பாவா?"

"இல்ல."

"ஒரே அம்மாவா?"

"பெத்தவங்க வேற. ஆனா ஒரே அம்மாதான்."

பிரான்வின் பேனாவைக் கீழே வைத்தார். நான் பால் கதையைச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது, உடனே வாடியும் போனது.

"மறுஆய்வுல படகுல வந்தவங்களைக் கூப்பிட்டு விசாரிக்க மாட்டாங்க. பெரும்பாலும் பழைய தாள்களை மட்டும்தான் பாப்பாங்க. புதுசா ஒண்ணு சொன்னா, முன்னாடியே ஏன் சொல்லலன்னு கேப்பாங்க."

"இதுல என்னங்க புதுசு? குர்பான் பால் குடிச்சது அவன் பொறந்த வருஷம்!" எனக்குக் குரல் ஏறிவிட்டது.

"அது பழசா இருக்கறதுதான் பிரச்சனை. நேர்காணல் அப்பவே தெரியும்ல, அப்பவே சொல்லியிருக்கலாமேம்பாங்க."

"தெரியாம இருந்திருந்தா?"

"ஒருவேளை எடுத்துக்குவாங்க."

சகிதாத் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "அண்ணே, இப்ப நான் தெரியும்னு சொல்லணுமா, தெரியாதுன்னு சொல்லணுமா?"

எனக்கும் புரிந்தால்தானே சொல்ல.

"நான்தான் அப்பவே சொன்னேனே அண்ணே," என்றான். "அண்ணன்னு சொன்னேனே."

பிரான்வின் எல்லாவற்றையும் விளக்கமாக எழுதி, ஊரிலிருந்து அவன் அம்மாவின் வாக்குமூலத்தையும் வாங்கிச் சேர்த்து அனுப்பினார். யாரும் கூப்பிடவில்லை. முடிவு மட்டும் வந்தது. பால் விஷயத்தை முன்பே சொல்லியிருக்கலாம்; சொல்லாததற்குத் தகுந்த காரணம் இல்லை; அதைக் கணக்கில் எடுக்கவில்லை. பழைய மறுப்பே சரி.

"கோர்ட்டுக்குப் போகலாம்," என்றார் பிரான்வின். "ஆனா சட்டப்படி நடந்தாங்களான்னுதான் அங்க பாப்பாங்க. குர்பான் யாருங்கறதைப் பாக்க மாட்டாங்க."

அன்று மாலை சகிதாத் அம்மாவின் போன் வந்தது. சகிதாத் மாவுக் கையோடு நின்றான். பேச மாட்டேன் என்று தலையாட்டினான். நான் எடுத்தேன்.

"என்னப்பா சொல்லிட்டாங்க?"

"குர்பான் இவனுக்கு அண்ணனே இல்லைங்கறாங்கம்மா."

"யாரு, அவனைக் கொன்னவங்களா?"

"இல்லம்மா. அவங்களுக்குத் தெரியும். இங்க இருக்கறவங்கதான்."

"நான் உசிரோடதானேப்பா இருக்கேன்? என்னைக் கேக்கச் சொல்லேன்."

கேட்க மாட்டார்கள் என்பதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல், போனைச் சகிதாத்தின் காதில் வைத்தேன்.