புள்ளிகளாக இருந்த கோள்கள்

லாஸ்பேட்டை விஜயராகவனும் நெல்லித்தோப்பு ஏழுமலையும் கல்லூரி நண்பர்கள். நிரலை யார் வேண்டுமானாலும் மாற்றி எழுதக்கூடிய ஒரு விண்வெளிப் போர்க் கணினி விளையாட்டை மெருகேற்றி, இணையத்தில் எதிரெதிராக ஆடுவார்கள். எந்தப் பொத்தான் எங்கே இருந்தால் கைக்கு வரும் என்று ஏழுமலை சொல்வான்; விஜயராகவன் மாற்றுவான்.

2006இல் புதுக் கணினி வாங்கியதும் விஜயராகவன் விளையாட்டில் வெறும் புள்ளிகளாக இருந்த கோள்களைச் சுழலவிட்டான். கப்பல்களுக்குப் பின்னால் நெருப்பு வைத்தான். எங்கெங்கிருந்தோ பாராட்டு வந்தது. ‘அருமைடா’ என்று ஏழுமலையும் எழுதினான். ஆனால் அதன்பின் அவன் யோசனை சொல்லவில்லை, ஆடவும் வரவில்லை. அவனைச் சோம்பேறி என்று விஜயராகவன் மனதுக்குள் திட்டிக்கொண்டான்.

தீபாவளிக்கு ஏழுமலை வீட்டுக்குப் போனபோது, அங்கிருந்த பழைய கணினியில் பழைய விளையாட்டே ஓடிக்கொண்டிருந்தது.

“புதுசு போடலையா?”

“இதுல தெறக்கல. நீ அனுப்புன படத்தப் பாத்துதான் ‘அருமைடா’ன்னு எழுதினேன்.”

“சொல்லியிருந்தா இதுலயும் ஓடுற மாதிரி செஞ்சிருப்பேன்ல?”

“நீ அவ்ளோ சந்தோஷமா இருந்த. எப்டிடா சொல்றது?”

விஜயராகவன் திரையைப் பார்த்தான். எதிராளிக்கு, ஏழுமலை அவனைக் கூப்பிடும் ‘விஜி’ என்ற பெயர் இருந்தது. விஜயராகவனுக்குப் பதிலாகக் கணினியே ஆடிக்கொண்டிருந்தது.