காது கொஞ்சம் மந்தம்

கிளிபோட்டின் அழைப்பு வந்தபோது றெஜினா முழங்காலில் ஐஸ் பை வைத்துக்கொண்டிருந்தாள். ஸ்காபரோவில், மோர்னிங்சைட் வீட்டில், காலை பத்தரை. இத்தாலியில் மாலை நாலரை.

"அக்கா, பதறாதேங்கோ. அமிர்தநாதர் அண்ணையைக் காணேல்லை."

ஸ்காபரோவிலிருந்து நாற்பத்திரண்டு பேர் யாத்திரை போயிருந்தார்கள். கூட்டிப் போனவன் கிளிபோட். றெஜினாவும் போயிருக்க வேண்டியவள். ஒன்றரை வருடமாகக் காத்திருந்த முழங்கால் ஆபரேஷனுக்கு அந்த மாதம் பார்த்து நாள் குறித்துவிட்டார்கள். கணவர் அமிர்தநாதரை மட்டும் அனுப்பினாள். அனுப்பாமல் விட்டால் ஏன் என்று நாலு பேர் கேட்பார்கள்.

அந்தக் கேள்விக்குத்தான் அவள் பயந்தாள். அமிர்தநாதருக்கு மறதி நோய் என்று டாக்டர் சொல்லி இரண்டு வருடம். வீட்டுக்கு வெளியே ஒருவருக்கும் தெரியாது. மகள் ஏஞ்சலாவுக்குக் கல்யாணம் பேசி, கிட்டத்தட்ட முற்றாகி வருகிற நேரம். தகப்பனுக்கு மூளையில் வருத்தமாம், பரம்பரையோ என்று யாராவது கேட்டுவிட்டால் எல்லாம் போயிற்று. அதனால் விமான நிலையத்தில் கிளிபோட்டை ஓரமாகக் கூப்பிட்டு, "இவருக்குக் காது கொஞ்சம் மந்தம் தம்பி, பக்கத்தில வைச்சிருங்கோ" என்று மட்டும் சொல்லிவைத்தாள்.

"காதுக்குக் கிட்டப் போய்ச் சத்தமாச் சொன்னனான் அக்கா. மூண்டு மணிக்குக் கீழ் வாசலுக்கு வாங்கோ எண்டு. ஓம் ஓம் எண்டவர்."

கேட்டிருக்கும். அவர் காதில் ஒரு குறையும் இல்லை.

"போனுக்கு அடிச்சுப் பாத்தனீங்களோ?"

"போன் எங்கட பஸ் சீற்றில கிடக்கு. பொலிசுக்குச் சொல்லிப்போட்டன். காது கேளாத வயசான ஆள் எண்டு விவரமும் குடுத்திருக்கு."

றெஜினா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "தம்பி, வீடியோவில வாங்கோ. எனக்கு இடத்தைக் காட்டுங்கோ."

முப்பது வருடமாக அவள் பார்க்க ஆசைப்பட்ட யாத்திரைத் தலம் அசிசி, கையகல போனில் ஆடி ஆடி வந்தது. இளஞ்சிவப்புக் கல்வீடுகள், வளைவுக்குள்ளே ஒரு சந்து, சந்து முடிகிற இடத்தில் படிக்கட்டு. ஏறினால் இன்னொரு படிக்கட்டு, இறங்கினால் இரண்டு சந்து. மதிலுக்கு அப்பால் ஒலிவ மரச் சரிவு கிடுகிடுவென்று கீழே போனது. சாமான் வாங்கப் போன கடையிலிருந்து வீட்டுக்கு வரும் நேர் ரோட்டிலேயே தடுமாறுகிற மனிதர். இங்கே எந்தப் படியில் ஏறியிருப்பார், எந்தச் சரிவில் இறங்கியிருப்பார்?

"கோயிலுக்குள்ள பாத்தனீங்களோ?"

"மேல் கோயில், கீழ் கோயில், கல்லறை, எல்லாம் பாத்தாச்சு. அக்கா, ஒரு விசயம். ஆறு மணிக்கு நாங்க வெளிக்கிட வேணும். விடியக் காலமை ரோமில பிளைட். நான் நிப்பன், ஆனா சனம்..."

மாடியில் கணினியில் ஆபீஸ் வேலையாக இருந்த ஏஞ்சலா இறங்கி வந்திருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள்.

"அம்மா, அந்த அண்ணைக்கு இன்னும் சொல்லேல்லையா? ஜஸ்ட் டெல் ஹிம்."

"உன்ர விசயம் முடியட்டும் எண்டுதானே..."

"என்ர விசயமா? இருட்டினா அங்க குளிரும். அப்பா ஜாக்கெற்றைப் பூட்டவும் மறந்துபோயிடுவார். மாப்பிள்ளை வீட்டுக்காரர் வேண்டாமெண்டால் வேண்டாம், போகட்டும்."

றெஜினா மகளின் முகத்தைப் பார்க்கவில்லை. அழைப்பை முடித்துவிட்டு, குரல் பதிவை அழுத்தி, போனை வாயருகே பிடித்தாள்.

"கிளிபோட் தம்பி, நான் பொய் சொல்லிப்போட்டன். அவருக்குக் காது நல்லாக் கேக்கும். மறதி வருத்தம், ரெண்டு வருசமா. சொன்னதுக்கெல்லாம் ஓம் எண்டுவார், அடுத்த நிமிசம் மறந்துடுவார். ஆராவது தமிழில கதைச்சா அவையோட போயிடுவார். அசிசியில நிக்கிற ஆக்கள், போன ஆக்கள், ஆரெண்டாலும் பாத்தாச் சொல்லுங்கோ. மண்ணிற ஜாக்கெற், வெள்ளை மீசை."

அதைக் கிளிபோட்டுக்கு அனுப்பினாள். பங்குக் கோயிலின் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினாள். ஊர்ச் சங்கக் குழுவின் மேல் விரல் ஒரு கணம் நின்றது. அதில் மாப்பிள்ளையின் தாய் இருந்தாள். படத்தையும் சேர்த்து அனுப்பிவிட்டாள்.

ஐந்து நிமிடத்தில் நாற்பது பேர் கேட்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் தாயும் கேட்டிருந்தாள். பதில் இல்லை. லண்டனில் யாரோ பாரிசுக்கு அனுப்பினார்கள், பாரிசிலிருந்து ஜெர்மனிக்குப் போனது. றெஜினா ஜெபமாலையை எடுத்தாள். எந்த மணியில் நிற்கிறோம் என்று தெரியாமல் மூன்று முறை தொடக்கத்துக்கே திரும்பினாள்.

அங்கே ஆறு மணி அடித்தது. யாத்திரை பஸ் புறப்பட்டுவிட்டது, தான் மட்டும் நிற்பதாகக் கிளிபோட் எழுதினான். சரிவில் பொலிசார் டோர்ச் அடித்துத் தேடுகிறார்கள் என்று அடுத்த செய்தி. ஏஞ்சலா அன்றிரவு விமானத்துக்கு டிக்கெட் தேடத் தொடங்கினாள்.

இங்கே பன்னிரண்டே முக்காலுக்கு ஒரு சுவிஸ் நம்பர்.

"அன்ரி, நான் அன்ரனெற், சூரிச். உங்கட ஆள் எங்கட பஸ்ஸில இருக்கிறார்."

றெஜினா போனைக் காதோடு சேர்த்துப் பிடித்தாள்.

"நாங்களும் அசிசிக்கு வந்தனாங்கள், சூரிச், பேர்ண் ரெண்டு பங்குச் சனமும் ஒரே பஸ்ஸில. அவரை பேர்ண் ஆக்களோட வந்தவர் எண்டு நாங்க நினைச்சம், எங்கட ஆள் எண்டு அவை நினைச்சினம். ரோல்ஸ் குடுத்தம், சாப்பிட்டார். பாட்டும் படிச்சவர். இப்ப புளோரன்ஸ் தாண்டிட்டம். உங்கட வொய்ஸைக் கேட்டுத்தான் திரும்பிப் பாத்தன். கதைக்கிறியளோ? கொஞ்சம் சத்தமாக் கதைக்கோணுமோ?"

"வேண்டாம் பிள்ளை. அவருக்கு வடிவாக் கேக்கும்."

பஸ்ஸின் இரைச்சல். பிறகு அவருடைய மூச்சு.

"ஆர் கதைக்கிறது?"

"நான்தான். சுகமா இருக்கிறியளோ?"

"ஓம், சுகம். எங்கட சனம்தான் எல்லாம்." குரலைத் தாழ்த்தினார். "றெஜினா பின்சீற்றில நித்திரை. கால் ஏலாது அவவுக்கு. ஏத்தம் கனக்க. எழுப்பி விடட்டோ?"

அவள் ஐஸ் பையை இறுகப் பிடித்தாள். தண்ணீர் மடியில் வழிந்தது.

"எழுப்பாதேங்கோ," என்றாள். "நித்திரை கொள்ளட்டும். அவவா வந்து கூப்பிடுமட்டும் பஸ்ஸை விட்டு இறங்காதேங்கோ. கேட்டுதோ?"

"ஓம் ஓம்," என்றார் அமிர்தநாதர்.

"பிள்ளைட்டக் குடுங்கோ," என்றாள் றெஜினா அவசரமாக. "போனைப் பிள்ளைட்டக் குடுங்கோ."