மூச்சு முட்டும் வண்டி

என் அண்ணனுக்கும் அப்பாவுக்கும் பேச்சு நின்று பல வருஷம் ஆகியிருந்தது. காரணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்ற அப்பா, யார் யார் காலையோ பிடித்து அதே டெப்போவில் அண்ணனுக்கு ஒரு வேலை வாங்கிக் கொடுத்தார். இவன் சில மாதம்கூடத் தாங்கவில்லை. உதறிவிட்டு ஓர் அச்சகத்தில் போய்ச் சேர்ந்துகொண்டான். இனிமேல் என் முகத்தில் முழிக்காதே என்றார் அப்பா. வேறு எதைச் சொன்னாலும் காதில் வாங்காதவன், இதை மட்டும் அப்படியே கேட்டுக்கொண்டான்.

தனியாக வீடு பார்த்துக்கொண்டு போன பிறகும், தினமும் சாயங்காலம் வேலை முடிந்து எங்கள் வீட்டு வாசலுக்கு வருவான். கேட்டுக்கு இந்தப் பக்கம் காலை வைக்க மாட்டான். அம்மா வெளியே போய் நாலு வார்த்தை பேசிவிட்டு வருவாள். அதுவரை உள்ளே அப்பா பேப்பரை விரித்துப் பிடித்தபடி, ஒரு வரிகூடப் படிக்காமல் உட்கார்ந்திருப்பார். இரண்டு பேருக்கும் ஒரே அச்சில் வார்த்த வீம்பு. நடுவில் கிடந்து அரைபட்டது அம்மாவும் நானும்தான்.

அவன் ஓட்டிய மோட்டார் சைக்கிள் அப்பா கல்யாணத்துக்கு முன்னால் வாங்கியது. அந்த மாதிரி வண்டி இப்போது எங்கேயும் செய்வதில்லை. அண்ணன் அதை ஓட்டுவதோடு சரி, ஒரு துணியால் துடைத்தும் நான் பார்த்ததில்லை. என்ஜினுக்குப் போகும் காற்றை வடிகட்டும் ஏர் ஃபில்டருக்குள் இருக்கும் ஃபோம் பழசாகி அடைத்துக்கொண்டதில், சளி கட்டியவன் இருமுவதுபோல வண்டி இருமிக்கொண்டு வரும். தெருமுனையில் அந்தச் சத்தம் கேட்டதுமே அப்பா ஆரம்பித்துவிடுவார்.

"அந்த வண்டிக்கு மூச்சு முட்டுது. ஃபில்டரை மாத்தச் சொல்லு."

அம்மா வாசலில் போய்ச் சொல்லுவாள். அவன் சிரித்துக்கொண்டே, "அதை அவரே சொல்லட்டும், மாத்துறேன்" என்பான். அந்தப் பதிலை உள்ளே கொண்டுவர அம்மாவுக்குப் பைத்தியமா? மென்று முழுங்கிவிடுவாள். மறுநாளும் இதே கதை நடக்கும்.

அப்படி இருக்கும்போதுதான் அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் போட்டார்கள். அண்ணன் தினமும் வந்து கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போனான். உள்ளே போடா என்று நான் கத்தியும் பார்த்தேன். அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துக் கோபப்பட்டு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்றான். அப்பா தேறிக்கொண்டிருந்த ஒரு பகலில், அச்சகத்தில் மிஷின் பக்கத்தில் நெஞ்சு கரிக்கிறது என்று உட்கார்ந்த அண்ணன் எழுந்திருக்கவே இல்லை.

ஒரு சின்ன அதிர்ச்சிகூட இந்த இதயம் தாங்காது என்றார் டாக்டர். அப்பாவுக்குத் தெரியாமலே எல்லாவற்றையும் முடித்தோம். அழுத முகத்தைக் கழுவிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய், ஒன்றுமே நடக்காததுபோல அவருக்குக் கஞ்சி ஊட்டினேன். அந்த வேலையை என் எதிரிக்குக்கூடக் கொடுக்காதீர்கள்.

வீட்டுக்குக் கூட்டி வந்து பின்கட்டு அறையில் படுக்க வைத்தோம். எழுந்து நடக்கக் கூடாது என்பதால் வாசல் அவர் கண்ணில் படாது. காது மட்டும் வாசலிலேயே இருந்தது. முதல் நாள் சாயங்காலமே, வண்டி வரவில்லையா என்று கேட்டார். அச்சகத்தில் வேலை அதிகமாம் என்றாள் அம்மா. அடுத்த நாளும் அதையே சொன்னாள். அதற்கு மறுநாள் அவர் சாப்பாட்டுத் தட்டை ஒதுக்கி வைத்துவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் அண்ணன் வண்டியின் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

வண்டி ஓட்ட எனக்குக் கற்றுக்கொடுத்ததே அண்ணன்தான். நான் சோபாவுக்கும் நாற்காலிக்கும் மெத்தை தைக்கும் கடை வைத்திருக்கிறேன். சாயங்காலம் கடையைப் பூட்டிவிட்டு, அவனைப்போலவே தெருமுனையில் கியரைக் குறைத்து, அவனைப்போலவே வாசலில் வந்து நிறுத்துவேன். அம்மா வெளியே வருவாள். நான் வாயைத் திறக்கக் கூடாது. அவளாகவே என்னைப் பார்த்து, சாப்பிட்டியா, ஏன் இப்படி இளைச்சிட்டே, மழை வரும்போல இருக்கு சீக்கிரம் போ என்று சத்தமாகப் பேசுவாள். முதல் சில நாள் அது நடிப்பாகத்தான் இருந்தது. போகப் போக என் சட்டைக் காலரைச் சரிசெய்து விடுவதும், கன்னத்தைத் தடவுவதுமாக ஆகிவிட்டது. தடவியது என் கன்னத்தை இல்லை என்பது எனக்குத் தெரியும். அசையாமல் நிற்பேன்.

பிறகு வண்டியை அடுத்த தெருவில் மெக்கானிக் கொட்டகையில் விட்டுவிட்டு நடந்து வீட்டுக்கு வருவேன். அப்பா முகம் தெளிந்திருக்கும்.

"இப்பத்தான் வர்றியா? உங்க அண்ணன் இப்பத்தான் போனான்."

அப்படியா அப்பா என்பேன். வேறு என்ன சொல்வது?

ஒரு நாள் காலையில் கடைக்குப் போகும்போது பாதி வழியில் வண்டி நின்றுவிட்டது. உதைத்து உதைத்துக் கால்தான் வீங்கியது. தள்ளிக்கொண்டே கொட்டகைக்குப் போனேன். எங்கள் மெக்கானிக்குக்குக் கொஞ்சமும் வாய் ஓயாது, அதனாலேயே எல்லோரும் அவரைக் கேலியாக சைலன்சர் என்று கூப்பிடுவார்கள். பெட்ரோலும் காற்றும் கலக்கும் கார்புரேட்டரைப் பிரித்து என் பக்கம் திருப்பிக் காட்டினார். உள்ளே பிசுபிசுப்பாகக் கறுப்புத் துகள் அடைத்திருந்தது. ஃபில்டர் ஃபோம் உளுத்து உதிர்ந்து என்ஜினுக்குள் போகப் பார்க்கிறது, இனி மாற்றாமல் ஒரு தெருகூடத் தாண்டாது என்றார். இந்த வண்டிக்குப் புது ஃபோம் எங்கே கிடைக்கும் என்றும் அவரே கேட்டுக்கொண்டார்.

ஃபோமுக்கா எனக்குப் பஞ்சம்? கடையில் மலைபோலக் கிடக்கிறது. சோபாவுக்குப் போடுவது உதவாது, காற்றைத் தடுத்துவிடும். மொட்டை மாடி நாற்காலிகளுக்கு என்று ஒரு ரகம் உண்டு. கண் கண்ணாக ஓட்டை இருக்கும், மழைத் தண்ணீர் ஊற்றினால் ஊற்றியபடி கீழே இறங்கிவிடும். அதில் ஒரு துண்டு எடுத்து வந்தேன். சைலன்சர் பார்த்துவிட்டு, இதுதான் வேணும் என்றார்.

பழைய ஃபோமைக் கழற்றுவதை நானே செய்தேன். தொட்டதும் தாரைப்போல விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. சுரண்டி, மண்ணெண்ணெய் விட்டுக் கழுவினேன். அண்ணன் போய் வந்த தெருவில் இருந்த தூசியெல்லாம் அதற்குள்தான் இருந்திருக்கும். கறுப்பாக வழிந்து சாக்கடைக்குள் போனபோது எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. வீட்டில் அழ முடியாது, கடையில் அழ முடியாது. அங்கே குந்தியபடி வாய்விட்டு அழுதேன். சைலன்சர் கொட்டகைக் கதவைப் பாதி சாத்திவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

பழைய ஃபோம் மாட்டியிருந்த கம்பிச் சட்டத்தை அளவு வைத்துப் புது ஃபோமை வெட்டினேன். ஓரத்தைப் பசை தடவி ஒட்டி, தூசி ஒட்டிக்கொள்வதற்காக என்ஜின் ஆயிலில் முக்கிப் பிழிந்து, சட்டத்தின் மேல் மாட்டினேன். அவர் கார்புரேட்டரைச் சுத்தம் செய்து ஸ்குரூவைத் திருப்பி வைத்தார். ஒரே உதையில் வண்டி கிளம்பியது. இருமல் இல்லை, திக்கல் இல்லை, சீராக ஓடியது. சத்தம் மாறிவிட்டதே என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. தினமும் ஃபில்டரை மாற்றச் சொன்னவர், இதைக் கேட்டால் சந்தோஷம்தான் படுவார் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் வழக்கம்போல வாசலில் வந்து நிறுத்தினேன். அம்மா வந்து, சாப்பிட்டியா என்று ஆரம்பித்தாள். உள்ளேயிருந்து அப்பாவின் குரல் வந்தது. இத்தனை வருஷத்தில், வண்டி வாசலில் நிற்கும்போது ஒரு நாளும் வராத குரல்.

"மாத்திட்டானா? ஃபில்டரை மாத்திட்டான்ல?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றேன்.

"என் பேச்சைக் கேட்டுட்டான். இதுக்கு மேல எனக்கு என்ன வீம்பு? நான்தான் கூப்பிடுறேன்னு சொல்லு. உள்ள வரச் சொல்லு."

 வண்டியை உதைத்துக் கிளம்பிப் போய்விடலாம். அப்பாவின் இதயத்துக்கு ஒன்றும் ஆகாது, பொய்யும் இன்னும் கொஞ்ச நாள் ஓடும். ஆனால் அப்பா வாய்விட்டுக் கூப்பிட்டும் வராமல் போன பிள்ளை என்ற பெயர் அண்ணனுக்கு நிலைத்துவிடும். இந்த ஒரு வார்த்தைக்காகத்தானே அத்தனை சாயங்காலமும் இந்த வாசலில் வந்து நின்றான்? செத்தவன் தலையில் அந்தப் பழியை என்னால் போட முடியாது. சாவியை எடுத்து அம்மா கையில் கொடுத்தேன். போகாதே என்று அவள் என் கையைப் பிடித்தாள், பிறகு அவளே விட்டுவிட்டாள்.

அப்பா எப்படியோ எழுந்து கட்டிலில் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பொத்தானை மேலிருந்து கீழே தப்புத் தப்பாகப் போட்டிருந்தார், தலையைக் கையாலேயே படிய வாரியிருந்தார். வாசற்படியில் என்னைப் பார்த்ததும் சிரித்தார். பிறகு எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"பின்னாடி வர்றானா?"

பக்கத்தில் போய் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அண்ணன் இல்லை என்று சொன்னேன். அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோதே போய்விட்டான், தினமும் வந்தது நான்தான் என்று எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் பயந்ததுபோல ஒன்றும் நடக்கவில்லை. என் விரலில் போகாமல் இருந்த கறுப்பைத் தன் கட்டை விரலால் தேய்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.  எல்லாம் முடிந்த பிறகு, அப்போ ஃபில்டர் என்றார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. மாற்றணும் என்று அண்ணன்தான் ஃபோம் வாங்கி வைத்திருந்தான், நான் மாட்டினேன் என்றேன்.

"பொய் சொல்லாத. அவன் வாங்கியிருக்க மாட்டான்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் என் விரலை விட்டார்.

"ஒரே ஒரு நாள் நான் வாசலுக்குப் போய், மாத்துடான்னு சொல்லியிருந்தா, அன்னிக்கே மாத்தியிருப்பான்."

இல்லை அப்பா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் அது உண்மை. அது எனக்கும் தெரியும், வெளியே வண்டியைப் பிடித்துக்கொண்டு உள்ளே வராமல் நின்ற அம்மாவுக்கும் தெரியும்.