என் அளவுக்குச் செய்த மின்சார சைக்கிள்

எங்கள் மில் வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் தள்ளிப் போகும். ஞாயிற்றுக்கிழமைதான் போகும், அன்று உள்ளே ஆள் இருக்காது. முதலில் சிங்காநல்லூரில் இருந்தது. அப்புறம் சூலூர்ப் பக்கம் போனது. இப்போது அதையும் தாண்டிவிட்டது. பஸ் கொஞ்ச நாள் அதன் பின்னாலேயே போய்ப் பார்த்தது. பிறகு பஸ்ஸும் திரும்பிவிட்டது.

என் பெயர் மயிலாத்தாள். அந்த மில்லில் நான் நூல் சோதிக்கிறவள். நூலை இரண்டு கையாலும் பிடித்து அறுகிறவரை இழுப்பேன். அதற்கு மெஷின் இருக்கிறது. ஆனால் மெஷின் சொன்ன பிறகும் எல்லோரும் என் முகத்தைப் பார்ப்பார்கள். நான் தலையாட்டினால்தான் நூல் வெளியே போகும். உலகத்தில் என் தலையாட்டலுக்காக எதுவாவது காத்திருக்கிற இடம் அது ஒன்றுதான்.

என் கணவர் வெள்ளிங்கிரி இருந்தவரை அவர்தான் சைக்கிளில் கொண்டுபோய் விடுவார். போன ஆடியில் அவர் செத்துப்போனார். துக்கத்துக்கு மில்லிலிருந்து மாலை வந்தது. மில் வரவில்லை, அது எதிர்த் திசையில் போய்க்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகுதான் கேட்டில் அறிவிப்பு ஒட்டினார்கள். அடுத்த மாதத்திலிருந்து சொந்த வண்டியைத் தானே ஓட்டி வருகிறவர்களுக்கு மட்டும்தான் வேலை. யாராவது கொண்டுவந்து விடுகிற ஆட்கள் சரக்காகக் கருதப்படுவார்கள்.

என் மகன் லோகநாதனுக்கு இதில் சந்தோஷம்.

"விட்டுரும்மா. வீட்ல ஒரு ஆளு இருக்கோணுமில்ல. சிலிண்டர் வருது, கூரியர் வருது."

"நீ இருக்கலாமே, கண்ணு."

"நான் வேலைக்குப் போகோணும்மா."

"நானும் அதைத்தான் சொல்றேன்."

"உனக்குச் சொன்னாப் புரியாது," என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். வீட்டில் ஒரு ஆள் இருக்க வேண்டும் என்பது அவனுடைய கொள்கை. ஒரு ஆள் என்றால் நான்.

அவிநாசி ரோட்டில் ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில், ஆளுக்கு ஏற்றபடி மின்சார சைக்கிள் செய்து தருகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். லிஃப்டில் ஒரு குடும்பம் குடியிருந்தது. சாப்பாட்டு நேரம், தட்ட மனம் வரவில்லை. படியில் ஏறினேன். நான் ஏற ஏற மூன்றாம் மாடியும் ஏறியது. முட்டி வலிக்கிறது என்று சத்தமாகச் சொன்ன பிறகு நின்றது.

வடிவமைப்பாளர் பெயர் திருக்குமரன். நின்றுகொண்டேதான் பேசுவார். நாற்காலிகள் யாருடைய அளவுக்கும் செய்யப்பட்டவை இல்லை என்பது அவருடைய வருத்தம். விலை என்னவென்று கேட்டேன். என் கையைப் பார்த்தார். வளையல்களைக் கழற்றிக் கொடுத்தேன்.

"என்ன வேணுங்கம்மா?"

"நானே ஓட்டிட்டுப் போகோணும், தம்பி. வேறொண்ணும் வேண்டாம்."

"ஓட்டத் தெரியுங்களா?"

"தெரியாது."

"நல்லதுங்க. தெரிஞ்சவங்க பழைய சைக்கிளையே திரும்பக் கேப்பாங்க."

பக்கத்தில் ஜூலியட் என்று ஒரு பெண் பென்சிலோடு உட்கார்ந்திருந்தாள். அவள்தான் அளவெடுத்து வரைகிறவள். திருக்குமரன் அவளுக்குத் தலையசைத்தார்.

"இத்தனை வருசம் எப்படிப் போனீங்களோ, அதை அப்படியே சொல்லுங்கம்மா. அதுல இருந்துதான் வண்டி வரும்."

எனக்குப் பேச ஆள் கிடைத்து நாளாகியிருந்தது. ஆரம்பித்துவிட்டேன்.

கேரியரில் ஒருபக்கமாக உட்காருவேன், இரண்டு காலும் இடது பக்கம். மடியில் சோற்று வாளி. வலது கை சீட்டுக்குக் கீழே இருக்கிற ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும், விரல் நசுங்காமல் பிடிக்க ஒரு முறை இருக்கிறது. போகும்போது ரோட்டின் ஒரு பக்கம் மட்டும் தெரியும். வரும்போது மறுபக்கம் தெரியும். அதனால் பிள்ளையார் கோயில் எனக்குக் காலையில் மட்டும் உண்டு, சாராயக் கடை மாலையில் மட்டும் உண்டு. இரண்டும் எதிரெதிரே இருப்பது அவருடைய சாவு ஊர்வலத்தில்தான் தெரிந்தது.

"முன்னாடி என்ன தெரியுங்க?" என்று ஜூலியட் கேட்டாள்.

"அவரு முதுகு."

"அதைச் சொல்லுங்க."

சொன்னேன். கோடு போட்ட சட்டை. வேர்வை முதலில் இடது தோளுக்குக் கீழே தொடங்கும். காலருக்கு மேலே ஒரு மரு. மேடு வந்தால் முதுகு குனியும், நான் இறங்க வேண்டும். சொல்ல மாட்டார், குனிவதுதான் சொல்வது. மழை வந்தால் அவருக்கு முன்பக்கம் நனையும், எனக்கு ஒரு பக்கம் நனையும். நான் பேசிக்கொண்டே போவேன். முதுகு கேட்கிறதா இல்லையா என்று கண்டுபிடிக்க முடியாது.

புருஷனைப் பறிகொடுத்தவள், கொஞ்சம் பேசட்டும் என்று கேட்கிறார்கள் என நினைத்தேன். ஜூலியட் வரைந்துகொண்டே இருந்தாள். தாள் தீர்ந்து மேசையில் வரைந்தாள். மேசை தீர்ந்ததும் திருக்குமரன் தன் சட்டைக் கையைச் சுருட்டி நீட்டினார்.

பிறகு அளவெடுக்கிற ஸ்டாண்டில் ஏறச் சொன்னார்கள். சக்கரம் இல்லாத சைக்கிள் மாதிரி ஒன்று. சீட்டில் நேராகத்தான் உட்கார்ந்தேன். இடுப்பு தானாக இடது பக்கம் திரும்பிவிட்டது. இரண்டு முட்டியும் ஒரே பக்கம் போய் நின்றன. கை ஹேண்டில்பாரை விட்டுவிட்டுக் கீழே ஸ்பிரிங்கைத் தேடியது.

"நேரா உக்காருங்கம்மா," என்றாள் ஜூலியட்.

"நேராத்தான் உக்காந்திருக்கேன்."

அவள் டேப்பை வைத்துப் பார்த்தாள். "ஆமாங்க, இவங்களுக்கு இதுதான் நேர்."

அடுத்த முறை போனபோது மாதிரி வண்டி தயாராக இருந்தது. டைட்டானியம் ஃபிரேம், ஒரு கையால் தூக்கலாம். பேட்டரி குழாய்க்குள் ஒளிந்திருந்தது. செயின் கிடையாது, பெல்ட், சேலையில் கறை படாது. மிதிக்கிற பலத்தைப் பார்த்து மோட்டார் தன் பலத்தைச் சேர்க்கும். நான் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். இதைப் போல ஒன்று எனக்கென்று யாரும் செய்ததில்லை. அப்போது அழுதேன் என்றுதான் நினைக்கிறேன். ஜூலியட் அந்த ஈரத்தையும் அளந்தாள்.

மாடியிலேயே ஓட்டிப் பார்க்க ஒரு நீளமான நடைகூடம் இருந்தது. ஏறி மிதித்தேன். சைக்கிள் இடது பக்கமாக நகர்ந்தது. முன்னால் போகவே இல்லை. சுவர் விலகி வழிவிட்டது. ஒரு வீட்டுச் சமையலறைக்குள் போனோம். நான்கு பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தட்டைத் தூக்கிக்கொண்டு காலை மடக்கினார்கள்.

"மில்லு இந்தப் பக்கமுங்களா?" என்று கேட்டேன்.

"இது ரசம்," என்றார் வீட்டுக்காரர்.

திருக்குமரன் வந்து ஹேண்டில்பாரைப் பிடித்துத் திருப்பிக் கூட்டிப் போனார். அவர் முகத்தில் கவலையே இல்லை.

"வண்டி மேல தப்பில்லீங்கம்மா. நீங்க உக்கார்ற பக்கம்தானே அது போகும்."

"அப்ப எனக்குக் கத்துக் குடுங்க, தம்பி. விழுந்தாலும் பரவால்ல."

"கத்துக் குடுக்கறது கடைச் சைக்கிளுக்குங்க. அங்க ஆளை வளைப்பாங்க. நாங்க வண்டியைத்தான் வளைப்போம். அதுக்குத்தானே வளையல் குடுத்தீங்க?"

மரியாதையாகச் சொன்னால் எனக்கு எதையும் மறுத்துப் பழக்கமில்லை. திட்டியிருந்தால் சமாளித்திருப்பேன்.

மாதம் பிறக்கிற நாள் திங்கட்கிழமை. முந்தின வெள்ளியன்று வண்டி எடுக்கக் கூப்பிட்டார்கள். கீழே ரோட்டோரம் நிறுத்தியிருந்தார்கள். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, ஹேண்டில்பாருக்கும் விளக்குக்கும் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார்கள். கேரியர் அற்புதமாக இருந்தது. மெத்தை வைத்து, இடது பக்கம் கால் வைக்கப் பலகை வைத்து, கை பிடிக்கத் தோல் சுற்றிய ஸ்பிரிங் வைத்திருந்தார்கள்.

சீட்டில் ஒரு முதுகு உட்கார்ந்திருந்தது.

கோடு போட்ட சட்டை. காலருக்கு மேலே மரு. அதற்கும் ஒரு பொட்டு வைத்திருந்தார்கள்.

"இது யாரு?"

"உங்க முன்பக்கமுங்க," என்றார் திருக்குமரன்.

நான் சுற்றிக்கொண்டு முன்னால் போய்ப் பார்த்தேன். முன்னாலும் முதுகுதான்.

"இது எனக்கு வேண்டாம், தம்பி. நான் ஓட்டோணும்னு சொன்னேன்."

"சொன்னது ஒரு வரிங்க. இதைப் பத்திச் சொன்னது ஒரு மத்தியானம். எதை வச்சு நாங்க செய்யறது?"

"எடுத்துருங்க."

"எடுத்தா வண்டி நிக்காதுங்க. எடை கணக்குப் பண்ணிச் செஞ்சது. முன்னாடி அது, பின்னாடி நீங்க. ஒண்ணு இல்லாம ஒண்ணு சாஞ்சிரும்."

ஜூலியட் என் தோளைத் தொட்டாள். "மருவுக்குத்தாங்க கஷ்டப்பட்டோம். பாருங்க, ஒரு முடி கூட இருக்குது." அவள் பாராட்டுக்காகக் காத்திருந்தாள். நல்லா இருக்கு கண்ணு என்று சொல்லிவிட்டேன்.

எலுமிச்சம்பழம் நசுங்கியது. வண்டி புறப்பட்டது.

இதைச் சொல்லத்தான் வேண்டும், பயணம் சுகமாக இருந்தது. குழி தெரியவில்லை. மேட்டில் முதுகு குனிந்தது, நான் இறங்கினேன். மோட்டாருக்கு நான் இறங்கத் தேவையில்லை. ஆனாலும் குனிந்தால் இறங்கிவிடுகிறேன். வழியெல்லாம் அதனிடம் பேசினேன். நாளைக்கு ஒருநாள் நான் முன்னால் உட்காருகிறேன், நீ பின்னால் உட்கார், உனக்கும் ஊர் தெரியும் என்றேன். வேர்வை இடது தோளுக்குக் கீழே தொடங்கியது.

வாசலில் லோகநாதன் நின்றிருந்தான். முதுகைப் பார்த்ததும் சிகரெட்டைக் கீழே போட்டு மிதித்தான். "வாங்கப்பா," என்றான். என்னைப் பார்த்து, "காபி வைம்மா," என்றான்.

திங்கட்கிழமை மில் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போயிருந்தது. நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். கேட்டில் காவலாளி அந்தோணி இருந்தார். என்னை இளவயதிலிருந்தே பார்க்கிறவர்.

"ஓட்டிட்டு வந்தது யாருங்க?"

"வண்டி என்னுது, அந்தோணியண்ணா. என் அளவு. என் வளையல்."

"வண்டி யாருதுன்னு கேக்கலைங்கம்மிணி. ஓட்டினது யாரு?"

நான் முதுகைப் பார்த்தேன். அது என்னைப் பார்க்கவில்லை. அதற்கு அந்த வசதி இல்லை.

"நான் சொல்லித்தான் அது ஓட்டுச்சு," என்றேன்.

"நீங்க சொன்னீங்க, சரி. அது கேட்டுச்சா?"

அந்தோணி கெட்டவர் இல்லை. பதிலுக்காக நிறைய நேரம் காத்திருந்தார். பிறகு முதுகை இறக்கி உள்ளே அனுப்பினார். என்னை வண்டியோடு சேர்த்து சைக்கிள் ஸ்டாண்டுக்குத் தள்ளிக்கொண்டு போனார். கேரியரிலேயே உட்காரச் சொன்னார், இறங்கினால் வண்டி சாய்ந்துவிடும் என்றார். இரண்டு பேரும் இல்லாமல் வண்டி நிற்காதே என்று கேட்டேன். ஓடும்போதுதான் அப்படி, நிற்கும்போது நான் ஒருத்தி போதும் என்றார்.

சைக்கிள் ஸ்டாண்டிலிருந்து சோதனைக் கூடத்தின் ஜன்னல் தெரியும். முதுகு என் ஸ்டூலில் உட்கார்ந்தது. என்னோடு இருபது வருடமாக வேலை செய்கிற ரோஸ்லின் அதற்கு நூலைக் கொடுத்தாள்.

"இந்தாங்க மயிலாத்தாக்கா. இது தாங்குமா பாருங்க," என்றாள்.

முதுகு நூலை இழுத்தது. நன்றாகத்தான் இழுத்தது. நூல் அறுந்தது. எல்லோரும் காத்திருந்தார்கள். முதுகு மெல்லக் குனிந்தது. அதைத் தலையாட்டல் என்று எடுத்துக்கொண்டார்கள். நூல் வெளியே போனது.

அது மட்டமான நூல். ஜன்னலுக்கு இந்தப் பக்கத்திலிருந்தே எனக்குத் தெரிந்தது.

"ரோஸ்லினு, அது ஆகாது, நிறுத்து," என்றேன்.

ரோஸ்லின் திரும்பிப் பார்த்தாள், சைக்கிள் ஸ்டாண்டைப் பார்க்கிற மாதிரி. பிறகு முதுகிடம் சொன்னாள். "முன்னயெல்லாம் பேசிப் பேசியே காதை அடைப்பீங்க. இப்பத்தாங்கக்கா வேலை செய்யவே நல்லா இருக்குது."

மதியம் சோற்று வாளியை வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். சம்பளம் உயர்ந்தது. லோகநாதன் அப்பாவுக்குப் புதுச் சட்டை எடுத்தான், கோடு போட்டது. இப்போது மில் வேகமாகத் தள்ளிப் போகிறது, மட்டமான நூல் நிறையப் போவதால் கனம் குறைந்திருக்கும். நாங்கள் இருட்டோடு கிளம்புகிறோம். வீட்டில் இருக்க ஒரு ஆளை லோகநாதன் தேடிக்கொண்டிருக்கிறான். கேரியரில் நான் இல்லாவிட்டால் வண்டி ஓடாது என்று தெரிந்ததிலிருந்து அதற்கு என்னைக் கூப்பிடுவதில்லை.

நேற்று ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தபோது திருக்குமரன் போன் செய்தார்.

"வண்டி எப்படிங்கம்மா இருக்குது?"

"சுகமா இருக்குது, தம்பி."

"பேட்டரி?"

"மிச்சம் இருக்குது."

"எங்களுக்கு இங்க எல்லாம் தெரியுங்க. டயர் ஒரு பக்கமாவே தேயுது. நாளையிலிருந்து மறுபக்கம் காலைப் போட்டு உக்காருங்க. இன்னும் பத்து வருசம் வரும்."

"தம்பி, ஒண்ணு கேக்கோணும்."

"கேளுங்க."

அவர் நின்றுகொண்டிருப்பார் என்று நினைத்தேன். நிற்கிறவரை ரொம்ப நேரம் காக்க வைக்கக் கூடாது. ஒன்றுமில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

நாளைவரை எதற்கு என்று சேலையை ஒதுக்கிக்கொண்டு அப்போதே திரும்பி உட்கார்ந்தேன். வண்டி கொஞ்சம்கூட ஆடவில்லை. நல்ல வடிவமைப்பு.