லேப்டாப்பின் இடது பக்கம்

வண்டன்மேட்டில் சுருளிவேலின் ஏலக்காய் ஸ்டோரில் பில் போடுவது, மெயில் அனுப்புவது எல்லாம் இன்பமேரியின் வேலை. அங்கிருந்த லேப்டாப்புக்கு பாட்டரி செத்து வெகுகாலம் ஆகியிருந்தது. கரண்ட் போனால் அதுவும் போகும். ஆடி மழையில் கரண்ட் போகாத நாள் ஏது? பாதி அடித்த பில் கண்ணெதிரே மறைவதைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு வெறுத்துவிட்டது. நச்சரித்து நச்சரித்து முதலாளியை ஒரு டேப்லெட் வாங்க வைத்தாள்.

சுருளிவேல் ஒரு நிபந்தனையோடுதான் வாங்கினார். ஒரு வாரம் எல்லா வேலையையும் டேப்லெட்டிலேயே முடித்துக் காட்ட வேண்டும். முடிந்தால் லேப்டாப் அவருடைய மைத்துனன் மணிகண்டனுக்கு. முடியாவிட்டால் டேப்லெட் மணிகண்டனுக்கு. மேரி பழைய லேப்டாப்போடு மல்லுக்கட்ட வேண்டியதுதான். எது நடந்தாலும் நட்டமில்லாத மணிகண்டன் தினமும் வந்து டீ குடித்துவிட்டு, போட்டி எப்படிப் போகிறது என்று விசாரித்தான்.

"மேரிக்கா, கஷ்டமா இருந்தா விட்டுருங்க. எனக்காகப் பாக்காதீங்க" என்று பெருந்தன்மையாகச் சொல்லவும் செய்தான்.

மேரி விடுவதாக இல்லை. வயர் இல்லாத கீபோர்டு ஒன்றைச் சேர்த்துக்கொண்டாள். கட்டம் கட்டமாக இருக்கும் பட்டியலில் விரல் பக்கத்துக் கட்டத்தில் விழுந்து தொல்லை கொடுத்தது. திரையைப் பெரிதாக்கி, விரலை நிமிர்த்தி வைத்துத் தொடப் பழகினாள். பிரிண்டர் முதல் நாள் முரண்டு பிடித்து, இரண்டாம் நாள் வழிக்கு வந்தது. கரண்ட் போனபோதும் டேப்லெட் அதுபாட்டுக்கு ஓடியது. அதன் வெளிச்சத்தில், ஸ்டோரில் காய் தரம் பிரிக்கும் மூக்கம்மாள் பொறுக்குவதைக்கூட நிறுத்தவில்லை. வாரம் முடிய ஒரு நாள்தான் பாக்கி.

அன்றைக்குத்தான் வியாபாரி ஷிஜு சாம்பிள் பார்க்க வந்தான்.

ஏலக்காய் நன்றாகக் காய்ந்ததா என்று பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. ஒரு காயை எடுத்துக் காதருகே குலுக்க வேண்டும். காய்ந்த காயில் விதை சுருங்கித் தோலிலிருந்து விலகியிருக்கும். கிலுக்கென்று சத்தம் வரும். ஈரம் ஏறினால் தோல் தொய்ந்து, விதையை அமுக்கிப் பிடித்துக்கொள்ளும். சத்தம் வராது.

ஷிஜு குலுக்கினான். வேறொன்றை எடுத்துக் குலுக்கினான்.

"என்னா மொதலாளி, ஒங்க காய் பேச மாட்டேங்குது?"

சுருளிவேலின் முகம் சுண்டிப்போனது. சாம்பிள் தட்டு மேசையில் ஒரே இடத்தில்தான் எப்போதும் இருக்கும், லேப்டாப்பின் இடது பக்கம். அது ராசியான இடம் என்பது அவர் நம்பிக்கை. அந்தத் தட்டைத் துடைக்கக்கூட யாரும் நகர்த்தக் கூடாது. லேப்டாப் அலமாரிக்குப் போய் டேப்லெட் வந்த பிறகும் தட்டு அங்கேயேதான் இருந்தது. இடம் மாறவில்லை, ராசி மட்டும் போய்விட்டது.

"இந்தச் சாமான் வந்த நேரம் சரியில்ல மேரி. கொண்டுபோய் இவன்கிட்ட குடுத்துரு" என்றார். மணிகண்டன் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் நீட்டினான்.

மேரிக்கு ராசியில் நம்பிக்கை இல்லை. மூட்டையிலிருந்து ஒரு பிடி காய் எடுத்துவந்து ஷிஜுவின் காதருகே குலுக்கினாள். கிலுகிலுவென்றது. இரண்டும் ஒரே காய்தான், தட்டில் இருந்தது மட்டும் மழைக்காற்றில் நமுத்திருக்கிறது. அப்படியானால் போன வாரம் வரை ஏன் நமுக்கவில்லை?

அலமாரியிலிருந்து லேப்டாப்பை எடுத்து ஓடவிட்டு, இடது பக்கம் உள்ளங்கையை வைத்தாள். சூடான காற்று வந்தது.

வாயைத் திறந்தால் டேப்லெட்டால் முடியாத ஒரு வேலை இருப்பதை ஒப்புக்கொண்டதாகிவிடும். ஆனால் ஒரு காரணம் பிடிபட்டுவிட்டால் அதைச் சொல்லாமல் அவளால் இருக்க முடியாது.

"மொதலாளி, இதுக்குள்ள ஒரு சின்ன ஃபேன் இருக்கு. வேலை செய்யச் செய்ய உள்ள சூடாகும். ஃபேன் அந்தச் சூட்ட இந்த ஓட்டை வழியா வெளிய தள்ளுது. இத்தன நாளும் ஒங்க காய ஒணத்துனது ராசி இல்ல, இதுதான்."

"அதுல?" என்று டேப்லெட்டைக் காட்டினார்.

"அதுல ஃபேனும் இல்ல, ஓட்டையும் இல்ல. வர்ற கொஞ்சச் சூடும் முதுகுல பரவிப் போயிரும்."

சுருளிவேல் லேப்டாப்பின் ஓட்டையருகே கையை வைத்துக் குளிர்காய்ந்தபடி வெகுநேரம் யோசித்தார். பிறகு தட்டை அங்கே தள்ளி வைத்தார். சாயங்காலம் காய் பேசியது.

"ரெண்டும் இங்கயே இருக்கட்டும்" என்றார்.

"அப்ப எனக்கு மாமா?"

"ஒனக்குத்தான் டீ இருக்கே மாப்ள."

மறுநாள் ஒரு சிக்கல் முளைத்தது. சும்மா இருக்கிற லேப்டாப் சூடாவதில்லை, ஃபேனும் ஓய்வெடுத்துக்கொள்கிறது. அதற்கு வேலை கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். மேரி ஒரே நேரத்தில் நாலைந்து வீடியோக்களை ஓடவிட்டாள். எந்தப் படம் ஓட வேண்டும் என்பதை மூக்கம்மாள் முடிவு செய்தாள். சண்டைப் படம் என்றால் காய் சீக்கிரம் உலர்கிறது என்பது அவள் கட்சி. அதற்கும் காரணம் இருக்கலாம் என்று மேரி ஒத்துக்கொண்டாள். படம் வேகமாக மாற மாற லேப்டாப்புக்கு வேலை கூடும்.

அடுத்த வாரம் ஷிஜு அவசரமாக ஒரு மெயில் அடிக்க வேண்டுமென்று லேப்டாப் முன்னால் போய் உட்கார்ந்தான். சுருளிவேல் பாய்ந்து வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அதுல காய் ஒணந்துக்கிட்டு இருக்குப்பா. டைப் அடிக்கணும்னா அந்தா, அதுல போய் அடி."