திரும்பியிருந்து கேட்டவர்

பிள்ளையின் கையில் கொதிநீர் ஊற்றுண்ட அன்றுதான் கமலாசனிக்குத் தன் கணவனைக் கண்டு முதன்முதலாகப் பயம் வந்தது.

வட்டக்கச்சியில், அவர்களுடைய வீட்டுக் குசினியில் அது நடந்தது. நான்கு வயது அகல்விழி கேத்தலை எட்டி இழுத்துவிட்டாள். அவள் வீரிட்ட சத்தத்தில் முற்றத்துக் கோழிகள் சிதறி ஓடின. கிணற்றடியில் நின்ற கமலாசனி வாளியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். அவளுக்கு முன்னமே நாதன் குசினிக்குள் நின்றான். தரையில் புரண்டு துடித்த மகளைக் காலை அகட்டிக் கடந்துபோய், திட்டில் இருந்த தேநீர்க் கோப்பையை எடுத்துக்கொண்டு, "சீனி எங்க வச்சனி?" என்று கேட்டான்.

கதிர்காமநாதன் என்பது முழுப்பெயர். உழவு இயந்திரம் ஓட்டுகிறவன். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தானும் பட்டினி கிடக்கிற மனிதனாக இருந்தவன். சமாதானக் காலம் என்று எல்லோரும் நம்பிய 2004இல், கண்டாவளையில் ஒரு வயலை உழுதுவிட்டு மோட்டார் சைக்கிளில் திரும்பி வந்த மாலையில், தெருவில் படுத்திருந்த மாட்டுக்கு விலத்தப்போய் மதகுக் கட்டில் தலையடிபட விழுந்தான். கிளிநொச்சியிலிருந்து வவுனியா, வவுனியாவிலிருந்து கொழும்பு என்று அம்புலன்ஸ் மாறி மாறி ஏற்றினார்கள். சண்டை நின்று கொழும்புப் பாதை திறந்திருந்தபடியால் உயிர் தப்பியது.

திரும்பி வந்தவனுக்கு நடக்க முடிந்தது, கணக்குப் பார்க்க முடிந்தது, இயந்திரத்தைக் கழற்றிப் பூட்ட முடிந்தது. "ஆள் தப்பீட்டுது, வேற என்ன வேணும்?" என்றார்கள் அயலவர்கள். அடுத்த வளவு நாகேஸ்வரி மட்டும் ஒரு நாள் கிணற்றடியில் வைத்து, "பிள்ளை, குறை நினையாத. இது அவரில்ல. விழுந்த இடத்தில வேற ஏதோ ஏறியிட்டுது. நூல் கட்டிப் பார்" என்றாள்.

கமலாசனி கட்டிப் பார்த்தாள். ஐயர் மந்திரம் சொல்லி முடியும்வரை நாதன் கையை நீட்டிக்கொண்டு அமைதியாக இருந்தான். ஒன்றும் இறங்கவில்லை.

அதே மனிதன்தான். கழுத்தில் அதே மச்சம், உடம்பில் அதே டீசல் மணம். ஆனால் அவன் பார்க்கிறபோது, கதிரையையோ அலுமாரியையோ பார்க்கிற மாதிரித்தான் அவளையும் பார்த்தான். செத்தவீடுகளில் சத்தமாகச் சிரித்தான். ஒருத்தி குமுறி அழுதால், அவளுடைய வாய் கோணுவதைக் குனிந்து வடிவாகப் பார்த்தான். அவன் பக்கத்தில் படுக்கும்போது யாரோ வழிப்போக்கனை வீட்டுக்குள் விட்டுவிட்டது போல அவளுக்கு இருக்கும்.

கையில் மருந்துக் கட்டோடு பிள்ளை தூங்கிய அன்று பின்னேரம் அவள் கிளிநொச்சிக்குப் போய், ஒரு கொமினிகேசன் கடையிலிருந்து கொழும்பு ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசி எடுத்தாள். விழுந்த பிறகு அங்கே அவனுக்குப் பயிற்சி கொடுத்த ஷமீலா மிஸ் நடந்ததை முழுக்கக் கேட்டாள்.

"அக்கா, அவர் கெட்டவராகேல்ல. மற்ற ஆக்களின்ர மனத்தை வாசிக்கிற இடத்தில மூளையில அடி. எழுத்து மறந்த ஆள் மாதிரி. திரும்பப் படிப்பிக்கலாம். முழுக்க வருமெண்டு நான் சொல்லமாட்டன்."

"நாங்கள் கொழும்பில நிண்டு படிக்க வசதியில்ல மிஸ்."

"நீங்கள் வரவேண்டாம். கிழமைக்கு ஒருக்கா ரெண்டு பேரும் இதே கடைக்கு வாங்கோ. நான் கோல் எடுக்கிறன்."

அப்படித்தான் அது தொடங்கியது. பஸ்சில் ஒரு பொதி வந்தது. உள்ளே முகங்களின் படங்கள்: அழுகிற முகம், பயந்த முகம், கோபித்த முகம். கமலாசனி ஒவ்வொன்றாகக் காட்ட, நாதன் பார்த்துச் சொல்லவேண்டும்.

"இது?"

"பல்லுக்குத்து. பல் நோகுது."

"இல்லை. கவலை. வாய் கீழ இழுபட்டிருக்கு, பாருங்கோ."

"பல்லுக்குத்தெண்டாலும் அப்படித்தானே இழுபடும்."

படங்கள் சரிவரவில்லை. "நீங்களே முகத்தைக் காட்டுங்கோ அக்கா, தெரிஞ்ச முகம் லேசாயிருக்கும்" என்றாள் ஷமீலா. கமலாசனிக்கு நடிக்க வராது. கவலை காட்டவேண்டியபோதெல்லாம், சண்டைக்குப் போய் உடலும் திரும்பி வராத தன் தம்பியை நினைத்தாள். உடனே வந்தது. ஒவ்வொரு நாளும், மத்தியானச் சாப்பாடு முடிந்து பிள்ளை படுத்த பிறகு, கணவனுக்கு முன்னால் கதிரையில் இருந்தபடி மனதுக்குள் தம்பியைக் கூப்பிட்டாள். கன்னத்தால் கண்ணீர் வழியும். நாதன் வகுப்புப் பையன் மாதிரி உற்றுப் பார்ப்பான்.

"தண்ணி வருது. அப்ப கவலை."

"ஓம்."

"நான் இப்ப என்ன செய்யவேணும்?"

"தோளில கை வைக்கவேணும். என்ன செய்யுதெண்டு கேக்கவேணும்."

அவன் கை வைப்பான். கேட்பான். அந்தக் கை வெறும் கையாக, பாரமாகத் தோளில் கிடக்கும். பிறகு எடுத்துவிட்டு, "சரியோ?" என்பான்.

கொஞ்ச நாளில் அவளுக்கு வேறொரு அந்தரம் வந்தது. பயிற்சி இல்லாத நேரங்களிலும் தம்பி வரத் தொடங்கினான். அரிசி களையும்போது, பின்னால் நிற்பது போல இருக்கும். ஒரு நாள் உண்மையாகவே தாங்கமுடியாமல் விறாந்தையில் இருந்து அழுதுகொண்டிருந்தபோது நாதன் வந்து நின்றான். "இது பழகிறதோ, உண்மையோ?" என்று கேட்டான்.

மழைக்காலத்தில் ஒரு நாள், தொலைபேசியில், ஷமீலா அவனுக்குப் புதிய பாடம் சொன்னாள். "எப்பவும் உங்களைப் பற்றியே கதையாதேங்கோ அண்ணை. மற்ற ஆளைப் பற்றியும் கேக்கவேணும். இப்ப என்னைக் கேளுங்கோ பாப்பம்."

ரிசீவரை இருவரின் காதுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு கமலாசனி நின்றாள்.

"உங்கட ஊர் எது?" என்றான் நாதன்.

"தண்ணீரூற்று."

"முல்லைத்தீவுத் தண்ணீரூற்றோ? அது இஞ்சதானே. பிறகேன் கொழும்பில இருக்கிறீங்கள்?"

கமலாசனி பதறி அவன் கையைக் கிள்ளினாள். தொண்ணூறாம் ஆண்டு புலிகள் முஸ்லிம் சனங்களை வடக்கைவிட்டு வெளியேற்றியது வன்னியில் எல்லோருக்கும் தெரியும். யாரும் அதைக் கேட்பதில்லை. கடைக்குள் வேறு இரண்டு பேர் நின்றார்கள். அவன் பாட்டுக்குப் பதிலுக்குக் காத்திருந்தான்.

"போகச் சொன்னாங்கள் அண்ணை, போனம்," என்றாள் ஷமீலா. "எனக்குப் பதின்மூண்டு வயசு. உம்மா அடுப்பில சோறு வச்சிருந்தவா. இறக்கி வைக்காமலே வெளிக்கிட்டம்."

பிறகு இணைப்பில் ஒன்றுமில்லை. மழை கூரையில் அடித்தது. நாதன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி, கண்ணை மூடினான்.

"நீங்கள் அழுறீங்கள்," என்றான்.

"இல்லையண்ணை."

"ஓம். அழுறீங்கள். மூச்சு ஒரு இடத்தில தடக்குப்பட்டு நிக்குது. சத்தம் வராமல் பிடிச்சு வச்சிருக்கிறீங்கள்." அவன் குரல் இறங்கியது. "நான் கேட்டிருக்கக் கூடாது."

யாரும் சொல்லிக் கொடுக்காமல் அவன் கண்ட முதல் துக்கம் அது. தொலைபேசியின் மறுபக்கத்தில் ஷமீலா சிரித்தாள், அழுகையோடு சேர்த்துச் சிரித்தாள். கமலாசனிக்குச் சிரிப்பு வரவில்லை. பஸ்சில் திரும்பும்போது ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தாள். இத்தனை நாளும் இவனுக்கு முன்னால் செத்த தம்பியை எழுப்பி எழுப்பி அழுதவள் அவள். முகமே தெரியாத ஒருத்தியின் மௌனம் இவனுக்குக் கேட்டுவிட்டது.

ஷமீலாவுக்கு ஒன்று விளங்கிவிட்டது. அவன் முகத்தைப் பார்க்கும்போதுதான் குழம்புகிறான். குரல் அவனுக்குள் போகிறது. படங்களைக் கட்டி வைக்கச் சொன்னாள். "அண்ணை திரும்பி இருக்கட்டும். நீங்கள் கதையுங்கோ."

அதற்குப் பிறகு நாதன் சுவரைப் பார்த்தபடி இருந்தான். கமலாசனி அவன் முதுகோடு பேசினாள். அரிசி, பாண், பள்ளிக்கூடம் என்று எதையாவது பேசுவாள். "இப்ப களைச்சுப் போனாய்", "இப்ப ஏதோ மறைக்கிறாய்" என்று அவன் சொல்வான். சரியாகத்தான் சொன்னான். பிள்ளை ஓடிவந்து கதை சொன்னாலும் முதலில் திரும்பி நிற்பான். அப்பா ஏன் என்னைப் பார்க்கிறாரில்லை என்று பிள்ளை கேட்டாள். "காதால பாக்கிறார்" என்றாள் கமலாசனி. வெயில் நேரத்தில், வெள்ளைச் சுவருக்கு முன்னால் அசையாமல் இருக்கிற அந்த முதுகைப் பார்க்க அவளுக்கு உடம்பு சிலிர்க்கும்.

2006 ஆவணியில் திரும்பவும் சண்டை மூண்டு கொழும்புப் பாதை பூட்டுப்பட்டது. கடையின் தொலைபேசி செத்தது. ஷமீலாவிடம் போய்வருகிறோம் என்று சொல்லக்கூட முடியவில்லை.

சண்டை நெருங்கி வர, 2009 தையில் அவர்கள் வட்டக்கச்சியை விட்டு வெளிக்கிட்டார்கள். விசுவமடு, சுதந்திரபுரம், மாத்தளன் என்று உழவு இயந்திரப் பெட்டியில் தொடங்கிக் கால்நடையில் முடிந்த பயணம். ஒவ்வொரு இடத்திலும் நாதன்தான் பதுங்கப் பங்கர்க் குழி வெட்டினான். உள்ளே பட்டப்பகலிலும் இருட்டு. அறிந்தவரும் அறியாதவருமாகச் சனம் நெருக்கி இருக்கும். எறிகணை விழுகிறபோது யாரும் கத்துவதில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்பார்கள்.

அந்த மூச்சுகள் எல்லாம் நாதனுக்குக் கேட்டன.

மாத்தளனில் ஒரு காலை, அவன் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு பங்கரை விட்டு வெளியே பாய்ந்தான். கமலாசனி அவனுடைய சாரத்தைப் பிடித்து உள்ளே இழுத்து விழுத்தினாள்.

"விசரே உங்களுக்கு? செல் வருது!"

"செல் சத்தம் பரவாயில்லை." அவன் காதிலிருந்து கையை எடுக்கவில்லை. "உந்த மூலையில இருக்கிற மனிசியின்ர பிள்ளை மடியில செத்துப்போச்சு. அவா இன்னும் தாலாட்டுறா. ஒருத்தருக்கும் கேக்கேல்லையோ? ஏனப்பா எனக்கு இதைப் படிப்பிச்சனீங்கள்?"

மூலையில் இருந்தவளின் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. கமலாசனி தவழ்ந்துபோய் அந்தக் குழந்தையைத் தொட்டுப் பார்த்தாள். குளிர்ந்திருந்தது.

சித்திரையில் அவர்கள் கடல்நீரேரியைக் கடந்து இராணுவத்தின் பக்கம் போனார்கள். மூவரும் உயிரோடு வந்து சேர்ந்தார்கள். செட்டிக்குளத்து முகாமில் ஒரு கூடாரம் கிடைத்தது. சுற்றிவர முள்ளுக்கம்பி, கூடாரத்துக்குள் வெக்கை. அகல்விழி பக்கத்துப் பிள்ளைகளோடு விளையாடப் போய்விட்ட ஒரு மத்தியானத்தில், நாதன் வழமைபோல முதுகு காட்டி இருந்தான்.

"கமலா, ஒண்டு கேக்கட்டோ? அஞ்சு வருசமா உன்ர குரலுக்கு அடியில ஒரு சத்தம் கிடக்கு. தம்பியைப் பற்றினதில்லை, அது வேற. இது நீ என்னோட கதைக்கேக்க மட்டும்தான் வரும். என்னது அது?"

அவள் அதற்கு முன் அதை ஒருவருக்கும் சொன்னதில்லை. தனக்கே சொன்னதில்லை. முதுகோடு பேசுவதால் சொல்ல முடிந்தது.

"என்ர மனிசன் அந்த மதகடியில செத்திட்டார்," என்றாள். "செத்தவீடு நடக்கேல்ல. ஒருத்தரும் வந்து துக்கம் கேக்கேல்ல. அவர் செத்ததெண்டு சொல்லி நான் அழவும் ஏலாது. நீங்கள் பக்கத்தில இருக்கிறீங்கள், சாப்பாடு கேக்கிறீங்கள்."

இதைக் கேட்டு எழுந்து போய்விடுவானோ என்று அவள் பயந்தாள்.

"நினைச்சனான்," என்றான். "நீ அவரைத் தேடுறாய் எண்டு நினைச்சனான். நானும் தேடிப் பாத்தனான் கமலா. அவர் எனக்குள்ள இல்லை. எல்லாரும் அவரைப் பற்றிச் சொல்லுறதைக் கேட்டா, ஆரோ ஒரு நல்ல மனிசனைப் பற்றிச் சொல்லுற மாதிரித்தான் கிடக்கு."

அவன் திரும்பினான். அவள் முகத்தை, முன்பு படங்களைப் பார்த்தது போல, நெற்றியைச் சுருக்கிப் பார்த்தான்.

"கோபமோ?"

"இல்லை."

"முகத்தில எனக்கு ஒண்டும் தெரியேல்ல."

"அப்ப திரும்பி இருங்கோ."

திரும்பி இருந்தான். கைகளை மடியில் கோத்து, தலையைக் கொஞ்சம் குனிந்துகொண்டான், துக்கம் விசாரிக்க வந்த ஆண்கள் பந்தலுக்குக் கீழே இருப்பது போல.

"சொல்லு," என்றான். "எப்படிப்பட்ட ஆள் அவர்?"

கமலாசனி சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டாள். பிறகு எடுத்துவிட்டாள். அந்த முகாமில், ஒவ்வொரு கூடாரத்திலும் ஒரு சாவு இருந்த இடத்தில், அவளும் வாய்விட்டு அழுதாள். கலியாணம் முடித்த புதிதில் இரணைமடுக் குளத்தில் அவர் தன்னை நீந்தப் பழக்கியதிலிருந்து தொடங்கினாள். அவன் குறுக்கே பேசவில்லை. இடையில் ஒரு தடவை மட்டும், "பிள்ளை பிறந்தண்டைக்கு என்ன செய்தவர்?" என்று கேட்டான்.

அவள் அதையும் சொன்னாள்.